சுறாவின் வாய்க்கட்டு

வெள்ளைமுனையில் சுறாக்களுக்கு வாய் கட்டிப்போன அந்த ஏழு மாதத்தைப் பற்றிக் கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் மழை பெய்த வருஷத்தைச் சொல்வது போலத்தான் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த வருஷம் புயல் இல்லை, பனை நன்றாகக் காய்த்தது, சுறாவுக்கு வாய் கட்டியிருந்தது, கட்டினவள் நம்புத்தாய், அவிழ்த்தவளும் அவள்தான் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்துக் கடைவாயில் வைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நம்புத்தாய் பாசி எடுக்கிறவள். வெள்ளைமுனைப் பெண்கள் எல்லாருமே பாசி எடுக்கிறவர்கள்தான். ஆண்கள் வலையோடு வடக்கே போய்விட, பெண்கள் ஒரு வள்ளத்துக்குப் பதினைந்து பேராக ஏறி, எதிரே கிடக்கும் ஆளில்லாத தீவைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்ப் பார்மேல் இறங்குவார்கள். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் கல்திட்டு. அதன் முதுகில்தான் மரிக்கொழுந்துப் பாசி முளைக்கும். விரல்களில் பழந்துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, உள்ளங்காலில் தகடு கட்டி, இடுப்பில் பையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பறித்து, ஏறி மூச்சு வாங்கி, மறுபடி இறங்கி, காலை ஏழு மணியிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை அதுதான் வேலை. அதில் நம்புத்தாய்க்கு ஒரு பேர் இருந்தது. மூன்று பேர் மூச்சை ஒருத்தி பிடிக்கிறாள் என்பார்கள். அவள் புருஷன் மங்களூர்ப் படகில் வேலை பார்த்து வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறவன். தன் மனைவி கடலுக்குள்ளே போனால் வெளியே வர மறந்துவிடுவாள் என்று எல்லாரிடமும் பெருமையாகக் குறைப்பட்டுக்கொள்வான்.

அந்தப் பேர் ஒரு ஆனி மாதத்துக் காலையோடு போயிற்று. பாருக்கு வெளிப்புறம், தண்ணீர் நீலம் மாறிக் கருக்கும் இடத்தில், அவளும் அவள் அண்ணன் மனைவி குருவம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் இறங்கியிருந்தார்கள். கீழேயிருந்து ஒன்று வந்தது. வந்தது தெரியவில்லை, போனதுதான் தெரிந்தது. போகும்போது குருவம்மாளின் வலது குதிகாலையும் கெண்டைச்சதையில் பாதியையும் கொண்டு போயிற்று. தண்ணீர் சிவக்கிறதைப் பார்த்த நம்புத்தாய், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மதினி தவித்துக்கொண்டிருக்க, திரும்பி முதுகைக் காட்டி வள்ளத்துக்கு நீந்தினாள். ஏறி உட்கார்ந்தாள். மற்ற பெண்கள்தான் குருவம்மாளைத் தூக்கிப் போட்டார்கள். வள்ளத்தில் போட்டபோது குருவம்மாளின் தலை நம்புத்தாயின் மடியில்தான் விழுந்தது.

அதை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குருவம்மாளும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து, கரையில் பாசி காயவைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு, முன்பைவிடச் சத்தமாகப் பேசினாள். காலிலிருந்து டாக்டர் எடுத்துக் கொடுத்த ஒரு சுறாப்பல்லைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தவள், ஒருநாள் அதை நம்புத்தாயின் கையில் வைத்து, "இந்தாடி, நீ வச்சுக்க. என் வெத்தலைப் பெட்டியில எடமில்ல" என்றாள்.

நம்புத்தாய் பத்து மாதம் கடலில் இறங்கவில்லை. பிறகு இறங்கினாள், ஆனால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்த கை விடவில்லை. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யாராலும் பாசி எடுக்க முடியாது. நான்கு நாள் வெறும் பையோடு திரும்பி வந்தாள். ஐந்தாம் நாள் ஒரு மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு கரைக்காளி கோயிலுக்குப் போனாள்.

வெள்ளைமுனையில் நேர்ந்துகொள்வதற்கு ஒரு முறை உண்டு. மஞ்சள் துணியில் காசு முடிந்து கோயில் பூவரசில் கட்ட வேண்டும். கட்டும்போது யாருக்காக, எதுவரைக்கும், பதிலுக்கு என்ன தருவேன் என்று மூன்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்ததும் கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை தொட்டால் முடிச்சு அவிழாது. இதெல்லாம் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும் அந்த ஊரில். நம்புத்தாய்க்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் ஈரச்சேலையோடு போயிருந்தாள், மடியில் காசில்லை, அந்தப் பல்தான் இருந்தது. பல்லை வைத்து மூன்று முடிச்சுப் போட்டாள். "தாயே, சுறா வாயைத் தெறக்கக் கூடாது" என்றாள். எந்தச் சுறா, எதுவரைக்கும், பதிலுக்கு என்ன, ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கரைவலையில் ஒரு சுறா வந்தது. வாய் மூடியிருந்தது. கத்தியால் நெம்பினார்கள், கடப்பாரையால் நெம்பினார்கள், மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் ஒரு கோடுதான் இருந்தது, அந்தக் கோட்டுக்குள் தாள் நுழையவில்லை. அன்றைக்கே பாசிக்குப் போன பெண்களும் பார்த்தார்கள். பல்வலிக்காரர்களைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுறாக்கள் அவர்களைச் சுற்றி வந்தன. வந்து, மூக்கால் லேசாக இடித்துவிட்டு, வெட்கப்பட்டவை போல விலகிப் போயின. பெண்கள் கரைக்கு வந்து சொன்னார்கள். பூசாரி கட்டையன் பூவரசுக்குப் போய் எந்த முடிச்சு புதுசு என்று பார்த்தார். நம்புத்தாய் வாசலில் ஊரே நின்றது.

"என்னத்த வச்சு முடிஞ்ச?" என்று பூசாரி கேட்டார்.

"காசு இல்ல சித்தப்பு. பல்லு."

"பல்ல வச்சா முடிஞ்ச?" என்று தலையில் கை வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப சரிதான். பல்ல முடிஞ்சா வாய் கட்டத்தான செய்யும்" என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

முதல் வாரம் பொங்கல் வைத்தார்கள். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. பெண்கள் பறித்த பாசிப்பையைச் சுறாவின் முதுகுத் துடுப்பில் மாட்டிவிட்டு மறுபடி இறங்கினார்கள். அது பையைச் சுமந்துகொண்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தார்கள், வாத்தியார்களின் பேராகப் பார்த்து வைத்தார்கள். இடுப்புக்கு மேல் தண்ணீர் பட்டால் அலறுகிற ஆட்களெல்லாம் ஆழத்துக்குப் போய் மல்லாந்து மிதந்தார்கள். வெளியூரிலிருந்து மீனைப் பற்றிப் படித்த ஒருவர் கருவிகளோடு வந்து, ஒரு சுறாவின் தாடையில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார், நோட்டில் 'வாய் திறக்கவில்லை, காரணம் தெரியவில்லை' என்று எழுதினார், பூசாரி வீட்டில் மீன்குழம்புச் சோறு சாப்பிட்டார், குழம்பு எப்படி வைத்தது என்பதை அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஊர் மாறினதென்றால் வேறொரு விஷயத்தில் மாறியது. பூவரசில் தொங்கிய அந்த மஞ்சள் முடிச்சு காற்றில் ஆடுவதைப் பார்த்தவர்கள் ஒரு நாள் யோசிக்க ஆரம்பித்தார்கள். வேறு கையால் அவிழாது, சரி. ஆனால் துணி நைந்து போனால்? எலி கடித்தால்? காக்கை கொத்தினால்? ஊர்த்தலைவர் சேதுமாணிக்கம் முடிச்சைக் கிளையோடு வெட்டி எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கோயிலுக்குள் கொண்டு போனார். வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்துக் காவல் போட்டார்கள். கோயிலுக்குள் சுண்டல் கொடுப்பதை நிறுத்தினார்கள், எலி வருமாம். பிள்ளை பிறக்கும் வீட்டில் வலி எடுத்தால் வீட்டிலுள்ள முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம், அதையும் நிறுத்தினார்கள்; ஒரு முடிச்சைப் பார்த்து இன்னொரு முடிச்சு அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது? முன்பெல்லாம் கடலில் இறங்கினால்தான் அவர்களுக்குச் சுறாப்பயம். இப்போது சோற்றுத்தட்டின் முன்னால், கல்யாணப் பந்தலில், தாயம் விளையாடும்போது, திடீரென்று ஒருவர் எழுந்து, "முடிச்சு பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்பார். எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

நம்புத்தாய் கடலுக்குப் போனாள். மற்றவர்கள் சுறாவின் முதுகில் பையை மாட்டும்போது அவளுடைய இடது கை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்தது. வாய் கட்டின சுறா என்று அவளுக்குத் தெரியும், கட்டினதே அவள்தான், ஆனாலும் கை விடவில்லை. குருவம்மாள் கரையிலிருந்தபடி தினமும் அவளுடைய பையைத் தூக்கிப் பார்ப்பாள். "ஏண்டி நம்பு, இதென்ன பாசியா, தாடி மயிரா? ஊருக்கெல்லாம் வழி பண்ணிட்டு நீ மட்டும் தொங்கிக்கிட்டுக் கெடக்க."

"வாயத்தான கட்டுனேன் மதினி" என்றாள் நம்புத்தாய். "வேற ஒண்ணும் கட்டலயே."

ஐந்தாம் மாதம் சுறாக்கள் கரைக்கு வர ஆரம்பித்தன. சாகவில்லை, நேர்ந்தபோது சாவைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆனால் காய்ந்து போயிருந்தன. தோலுக்கடியில் முள் தெரிந்தது, கண் பெரிதாகத் தெரிந்தது. விடிந்தால் முழங்கால் ஆழத்தில் நாற்பது சுறா வரிசையாக, கரையைப் பார்த்துத் தலை வைத்துக் கிடக்கும். ஒரு சத்தமும் இல்லை. ஜனங்கள் அவற்றைத் தாண்டிப் போய்ப் படகு தள்ளினார்கள். இளவட்டங்கள் கொஞ்சப் பேர் துடுப்பை எடுத்து அவற்றின் முகத்தில் அடித்துப் பார்த்தார்கள், யார் அடித்தால் அதிகச் சத்தம் கேட்கிறது என்று பந்தயம். அடி வாங்கின சுறா கொஞ்சம் பின்னால் போகும், மறுபடி வந்து அதே இடத்தில் தலையை வைக்கும். நம்புத்தாய் அதைத் தன் வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு இன்னமும் அவற்றைப் பார்த்தால் நாக்கு வறண்டது. நாக்கு வறண்டபடியே போய் அந்தப் பையன்களில் ஒருவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி, அதாலேயே அவனைத் துரத்தினாள்.

ஆறாம் மாதம் ஓரா மீன் பெருகியது. ஓரா பாசி தின்னும். அதைத் தின்னச் சுறா உண்டு. சுறா பட்டினி கிடக்க, ஓரா ஆட்டுமந்தை போல வந்து பாரை மேய்ந்து தீர்த்தது. ஆண்களுக்கு வலை நிறைந்தது, சுறா கடித்து வலை கிழிவதும் இல்லை, அவர்கள் வாழ்க்கையில் அப்படியொரு காலத்தைப் பார்த்ததில்லை. பெண்கள் இறங்கிப் பார்த்தால் பார் மொட்டைத்தலையாக இருந்தது. பதினைந்து பேர் போய் பதினைந்து வெறும் பையோடு வந்தார்கள், ஒருநாள் அல்ல, ஒரு மாதம். அந்த வேலையை விட்டால் அவர்களுக்கு வேறு வேலை இல்லை, கருவாட்டுக் கம்பெனியில் மீன் கழுவப் போகலாம், அவ்வளவுதான். நான்கு பேர் போய்விட்டார்கள்.

ஏழாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், உச்சிப்பூசை முடிந்து ஊர் கோயில் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, நம்புத்தாய் எழுந்து நின்றாள். "பெட்டியத் தெறங்க. முடிச்ச அவுக்கப் போறேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சேதுமாணிக்கம் கையைத் தூக்கினார். கெட்ட மனிதர் இல்லை அவர், நிதானமாகத்தான் பேசினார்.

"தாயி, என் தம்பியச் சுறா கொண்டு போனப்ப எனக்குக் கெடச்சது அவன் அரைஞாண் கயிறு மட்டும்தான். அதத்தான் பொதைச்சோம். ஏழு மாசமா இந்த ஊர்ல எந்த வீட்லயும் அப்படி ஒண்ணு நடக்கல. நடக்க வைக்கப் போறேங்கிறியா?"

"இல்ல மாமா. ஆனா பாரு மொட்டையாப் போச்சு. அதுக பட்டினி கெடக்குது. நான் வாய்தவறிச் சொன்னதுக்கு எத்தனை நாளைக்கு அதுக கெடக்கணும்?"

"சுறாவுக்குப் பரிஞ்சு பேச ஒரு ஆளு!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். "மதினி கால அதுதான தின்னுச்சு?"

"ஏலே, என் காலு என் விவகாரம்" என்றாள் குருவம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "உன் வாயில அத வச்சு மெல்லாத."

சிரித்தார்கள். சேதுமாணிக்கம் சிரிக்கவில்லை. "சரி. நீ கட்டுன, நீ அவுக்கலாம். முறை அதுதான், நான் மறிக்கல. ஆனா கரையில நின்னு அவுத்துட்டு வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிறது முறையில்ல. பாருக்கு வெளியே, இருபது பாக ஆழத்துல, படகத் தொடாம நின்னு அவுக்கணும். தெறக்கிற வாய் மொதல்ல உன்னத்தான் பாக்கணும். செய்வியா?"

வள்ளத்தை விட்டுக் கையெடுக்காதவள் என்று ஊருக்கே தெரியும். அவர் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. அதைக் கேட்டு உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். நம்புத்தாயும் உட்காரத்தான் போனாள். பாதி குனிந்தவள், எப்படியென்று அவளுக்கே தெரியவில்லை, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு" என்று சொன்னாள்.

அன்று சாயந்திரம் குருவம்மாள் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து அவளுக்குச் சோறு ஆக்கினாள். நம்புத்தாய் தின்னவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "மதினி, அன்னைக்கு நான் ஓடிட்டேன்" என்றாள். ஒன்றரை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது.

"ஆமா. பாத்தேன்."

"பாத்தியா?"

"வலியில கண்ணு தெரியாதுன்னு நெனச்சியாக்கும்? உன் முதுகப் பாத்தேன். அந்த ரோசாப்பூப் போட்ட சட்ட. அதையப் போடாதேடி இனிமே, சகிக்கல." குருவம்மாள் குழம்பை ஊற்றினாள். "நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். தின்னு. வெறும் வயித்தோட எறங்குனா ஒனக்கு ஏப்பம் வரும்."

சனிக்கிழமை காலையில் பதினோரு வள்ளம் போயிற்று, ஊரே அதில் இருந்தது. கண்ணாடிப் பெட்டியைப் பூசாரி மடியில் வைத்திருந்தார். நாற்பது சுறாவும் வரிசை கலைந்து வள்ளங்களுக்குப் பின்னால் வந்தன. யார் சொன்னார்களோ. பாரைத் தாண்டி, தண்ணீர் கருக்கும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். நம்புத்தாய் முடிச்சை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். இடது கை விளிம்பைப் பிடித்தது.

வெகுநேரம் பிடித்தபடியே இருந்தது. யாரும் கேலி செய்யவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கீழே பார்த்தாள், காலுக்கடியில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, அடியென்று ஒன்று இல்லவே இல்லாதது போலப் போய்க்கொண்டே இருந்தது, அதற்குள் நீளமான சாம்பல் நிழல்கள் குறுக்கும் நெடுக்கும் அவசரமில்லாமல் போய் வந்தன. மேலே சேதுமாணிக்கம் குனிந்து, "ஏறிரு தாயி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்று மெதுவாகச் சொன்னார். பிரியமாகத்தான் சொன்னார். அந்தப் பிரியம் அவள் முதுகில் சுள்ளென்று விழுந்தது. சுண்டுவிரலை எடுத்தாள். மோதிர விரலை எடுத்தாள். நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுக்க ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. கட்டைவிரல் தானாக நழுவியது.

நாற்பது வீச்சு நீந்தினாள், எண்ணிக்கொண்டே நீந்தினாள். பிறகு நின்று, காலால் தண்ணீரை மிதித்தபடி முடிச்சை எடுத்தாள். ஏழு மாதத்து முடிச்சு, உப்புநீர் பட்டு இறுகிவிட்டது, விரல் உள்ளே போகவில்லை. விரலில் சுற்றியிருந்த துணியை உருவி எறிந்தாள், நகத்தால் பார்த்தாள், நகம் மடங்கியது. கடைசியில் வாயில் வைத்துக் கடித்தாள். சுறாக்கள் அவளைச் சுற்றி ஒரு வளையமாக வந்தன. ஒருத்தி நடுக்கடலில் நின்று பல்லால் கடித்து இழுக்கிறாள், நாற்பது சுறாக்கள் வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, பதினோரு வள்ளத்தில் ஒரு ஊர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. முதல் முடிச்சு விட்டது. இரண்டாவது விட்டது. மூன்றாவது விட்டபோது துணிக்குள்ளிருந்த பல் வெள்ளையாகச் சுழன்று சுழன்று ஆழத்துக்குப் போயிற்று.

சுறாக்கள் வாயைத் திறந்தன. ஒரே சமயத்தில், தூங்கி எழுந்த குழந்தைகள் கொட்டாவி விடுவது போல, முழுவதுமாகத் திறந்தன. தண்ணீர் அந்த வாய்களுக்குள் போகும் சத்தம் கிணற்றில் குடம் முங்கும் சத்தம் போல இருந்தது, நாற்பது குடம். அதன் பிறகு கடல் கொதித்தது. பார்மேல் மேய்ந்த ஓரா மந்தைக்குள் அவை பாய்ந்தன, மந்தை சிதறி அவள் மேலும் அவள் கைகால் இடுக்கிலும் ஓடியது, அவளைத் தொட்டுக்கொண்டும் உரசிக்கொண்டும் சாம்பல் உடம்புகள் போயின, மேலே வள்ளங்களில் பெண்கள் குலவை இட்டார்களா அழுதார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் மந்தைக்குப் போகவில்லை. அது அவளிடம் வந்தது. வந்தது தெரிந்தது, இந்தத் தடவை எல்லாம் தெரிந்தது, மூக்கின் வடு தெரிந்தது, செவுள்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவது தெரிந்தது. உடம்பு முழுக்க ஒரே சொல்லாகக் கத்தியது, திரும்பு, திரும்பு. வள்ளம் நாற்பது வீச்சில் இருந்தது. நம்புத்தாய் திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அதன் கண்ணைப் பார்த்தாள். அது கை நீளத்துக்கு வந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, அவளைக் கடந்தது. உப்புத்தாள் போன்ற அதன் தோல் அவளுடைய வலது கையைத் தோளிலிருந்து முழங்கை வரை சீவிக்கொண்டு போனது.

"ரத்தம்! ரத்தம்!" என்று வள்ளத்தில் கத்தினார்கள். கயிறு வந்து விழுந்தது.

அது திரும்பி வந்தது. நம்புத்தாய் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, வாயிலிருந்த உப்பைத் துப்பிவிட்டு, சந்தையில் தள்ளிவிட்டுப் போனவனைத் திட்டுவது போலத் திட்டினாள். "என்ன பாக்கிற? நல்லாப் பாத்துக்க! உன் வாயக் கட்டுனவ நான்தான், அவுத்தவளும் நான்தான்! இந்தப் பார்ல பாசி எடுக்கிறவ நான்! நாளைக்கும் வருவேன், நாளான்னைக்கும் வருவேன்! ஒனக்கு இங்க எவ்வளவு பாத்தியம் உண்டோ அவ்வளவு எனக்கும் உண்டு. திங்கிறதுன்னா தின்னு. முதுகு மட்டும் காட்ட மாட்டேன்!"

சுறா அவளை இன்னொரு சுற்றுச் சுற்றியது. பிறகு அதற்குப் பசி ஞாபகம் வந்தது போல, வாலை ஒரு வீசு வீசி ஓரா மந்தைக்குள் போய்விட்டது.

"ஏறு தாயி, போதும், ஏறு" என்று சேதுமாணிக்கம் கயிற்றை ஆட்டினார். நம்புத்தாய் கயிற்றைப் பார்த்தாள். தொடவில்லை.

"நீங்க போங்க மாமா. நான் நீந்தி வாரேன்."

"கரை ரெண்டு மைலு!"

"தெரியும். எத்தனை வருஷமா வாரேன்."

குருவம்மாள் வள்ளத்தின் நடுவிலிருந்து கத்தினாள். "ஏண்டி, பயம் போயிருச்சா?"

"போகல மதினி" என்றாள் நம்புத்தாய், மூச்சு வாங்கிக்கொண்டே. "அது பாட்டுக்கு இருக்குது. நான் பாட்டுக்கு நீந்துறேன்."

குருவம்மாள் குச்சியைப் பூசாரியிடம் கொடுத்து, "பிடிங்க, தொலைச்சிராதீக" என்று சொல்லிவிட்டு, சேலையை வரிந்து கட்டி, "தள்ளுங்கடி, என் கால்ல இனி அதுக்கு என்ன மிச்சமிருக்கு" என்று விளிம்பில் ஏறிக் குதித்தாள். அவள் குதித்த பிறகு வள்ளத்தில் உட்கார்ந்திருப்பது மற்றவர்களுக்கு எப்படியோ இருந்தது. அடுத்த வள்ளத்திலிருந்து ஒருத்தி குதித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி, புருஷன் கையைத் தட்டிவிட்டு ஒருத்தி, கருவாட்டுக் கம்பெனிக்குப் போன நான்கு பேரில் மூன்று பேர், ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்களில் ஒருத்திக்குத் தோளில் கடி விழுந்தது, தையல் பிரித்த மாதமே அவள் மறுபடி இறங்கினாள். வெள்ளைமுனையில் அதற்குப் பிறகு யாரையும் சுறா தொடவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். அன்றைக்குக் குதித்தவர்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டுதான் குதித்தார்கள்.

அன்று முற்பகலில் வெள்ளைமுனைக் கரையிலிருந்து பார்த்திருந்தால், நாற்பத்தேழு தலைகள் ஒழுங்கில்லாத ஒரு கூட்டமாக, பேசிக்கொண்டும் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டும் கரையை நோக்கி வருவது தெரிந்திருக்கும். அவர்களுக்கு அடியில், கனத்த வயிற்றோடு, சுறாக்கள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. பின்னால், இயந்திரத்தைக் கிளப்பாமல், பெண்களின் வேகத்துக்குத் துடுப்புப் போட்டபடி, பதினோரு வள்ளத்தில் ஆண்கள் வந்தார்கள். வள்ளத்துக்குள் கணுக்கால் அளவு தேங்கியிருந்த தண்ணீரில்கூடக் கால் படாமல், பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி வந்தார்கள்.